பாசெட்: 'திரைபால்' என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புடையீர், வணக்கம்.

'பாசெட்' என்னும் பழைய ஆங்கிலப் பானத்துக்குப் 'பால்மது' என்றும் 'திரிபால்' என்றும் நம் கலைச்சொல் பட்டியலுக்காக இரண்டு தமிழ் ஆக்கங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. பானம் உருவாகும் விதத்தைப் பார்த்த பிறகு பெயரைத் தேடுவதே முறை என்பதால், செய்முறையிலிருந்து தொடங்குகிறேன்.

சர்க்கரையும் சாதிக்காயும் சேர்த்த ஒயினிலோ, ஏல் என்னும் பார்லி மதுவிலோ கொதிக்கும் பாலை ஊற்றுவார்கள். மதுவின் புளிப்பும் பாலின் சூடும் சேர்ந்து பாலைத் திரைய, அதாவது திரண்டு பிரிய, வைக்கும். கெனெல்ம் டிக்பியின் பெயரில் 1669இல் வெளிவந்த சமையல் நூலில் உள்ள ஒரு குறிப்பு, 18 மஞ்சள் கருவும் 8 வெள்ளைக் கருவும் அடித்துக் கலந்த ஒயினைச் சூடாக்கி, அதில் கொதிக்கும் பாலேட்டை உயரத்திலிருந்து ஊற்றச் சொல்கிறது; ஆனால் கிளறக் கூடாது என்கிறது. கிளறாமல் மூடி வைத்தால்தான் மேலே நுரையும், நடுவே குழைவான திரட்சியும், அடியில் தெளிந்த மதுநீரும் தனித்தனியே நிற்கும். மேலே இருப்பதைக் கரண்டியால் எடுத்து உண்டு, அடியில் இருப்பதைக் கலத்தின் மூக்கு வழியாக உறிஞ்சுவது வழக்கம். மூக்கு கலத்தின் அடிப்பகுதியிலிருந்து கிளம்புவது அதற்காகவே. இரு கைப்பிடியும் மூடியும் கொண்ட அந்தக் கலத்துக்கு நாம் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம், 'கெண்டி' நம்மிடம் இருக்கிறது.

ஆகவே, இந்தப் பானத்தின் உயிர் பால் திரைவதில் இருக்கிறதே தவிர மதுவில் இல்லை. 'பால்மது' என்றால் பாலும் மதுவும் வெறுமனே கலந்தது என்றுதான் படிப்பவர் கொள்வார். மேலும், இன்று எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, பாலேடு ஆகிய மூன்றை மட்டும் கொண்டு செய்து குளிரவைத்து உண்ணும் பாசெட்டில் மதுவே கிடையாது. 'திரிபால்' பொருளில் நெருங்கி வந்தாலும், திரிபலா, திரிகடுகம் ஆகியவற்றைப் பழகிய கண் அதை மூன்று பால் என்றே படிக்கும். அதோடு, 'பால் திரிந்துவிட்டது' என்றால் வீட்டில் அது கெட்டுப்போனது என்றே பொருள்.

என் பரிந்துரை 'திரைபால்'. திரைந்த, திரைகின்ற, திரையும் பால் என விரியும் இந்த வினைத்தொகை, சுடுசோறு, ஊறுகாய் போல நாவுக்கு இயல்பாக வருகிறது. வினைத்தொகையில் ஒற்று மிகாது என்பதால் இதைத் 'திரைப்பால்' என்று எழுதக் கூடாது. எழுதினால் திரைச்சீலையையோ திரைப்படத்தையோ நினைவூட்டிவிடும்.

இச்சொல்லின் பயன் மொழிபெயர்ப்பில் நன்றாகத் தெரியும். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில், மன்னன் டங்கனின் காவலர்கள் அருந்தும் பாசெட்டில் மேக்பெத் சீமாட்டி மயக்க மருந்தைக் கலக்கிறாள். அங்கே 'மது' என்று எழுதினால், படுக்கப் போகுமுன் சூடாகக் குடிக்கும் பானம் அது என்னும் நுட்பம் போய்விடும். காவலர்கள் உறங்கிப்போவதில் யாருக்கும் ஐயம் எழாததற்கு அந்த வழக்கமும் துணை நிற்கிறது. அவருடைய ஹாம்லெட் நாடகத்திலோ 'பாசெட்' என்னும் இதே சொல் வினையாக வருகிறது: காதில் ஊற்றிய நஞ்சு, பாலில் விழுந்த புளிப்புத் துளிபோலத் தன் குருதியைத் திரைய வைத்ததாகத் ஹாம்லெட்டின் தந்தையின் ஆவி சொல்கிறது. பெயருக்கும் வினைக்கும் ஒரே வேர் கிடைப்பது நமக்கு வசதி.

எலுமிச்சைப் பாசெட் மட்டும் சற்று வேறுபடும். பாலேட்டில் கொழுப்பு மிகுதி என்பதால் அது கட்டிகட்டியாகப் பிரியாமல் வழுவழுப்பாக உறைகிறது. அதற்கு 'எலுமிச்சைத் திரையேடு' பொருந்தும்.

பிரித்தானிய மருத்துவ வழக்கில், பால் குடித்த கைக்குழந்தை சிறிதளவு பாலை வெளியே தள்ளுவதையும் 'பாசெட்' என்னும் சொல்லால் குறிப்பார்கள். அந்தப் பொருளுக்குத் தாய்மார் வாயில் வழங்கும் 'பால் கக்குதல்' இருக்கும்போது வேறு ஆக்கம் வேண்டாம். கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாக இடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.