பிளாஸ்டிக் தென்னை மரத்தடியில் இரண்டு இரவுகள்

எடிசனிலிருந்து:

2012 ஆகஸ்டில், பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த அப்பாவை வைல்ட்வுட் கடற்கரைக்கு அழைத்துப் போனோம். நியூ ஜெர்சியின் தென்கோடி. எங்கள் எடிசன் ஊரிலிருந்து கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையில் தெற்கே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

இரண்டு மாடி மோட்டல். வரிசையாக மஞ்சள் கதவுகள், நடுவில் நீச்சல் குளம், அதைச் சுற்றி ஏழெட்டு மரங்கள். அப்பா பெட்டியைக்கூட இறக்காமல் மரத்தடிக்குப் போனார். உள்ளங்கையால் தடவினார், விரல் கணுவால் தட்டினார். டொக் டொக் என்றது. மட்டைகளைப் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். வெயில் படும் பக்கத்தில் பச்சை வெளுத்து ஒருமாதிரி நீலமாகியிருந்தது.

"காண்டாமிருக வண்டு வராது, தண்ணீர் கேட்காது. சரிதான். காய்க்காத மரத்துக்கு எதற்கடா இத்தனை விளக்கு?" என்றார்.

காற்று அடித்தால் ஓலைச் சலசலப்பு இல்லை, காலி வாளி உருளுவது போல ஒரு கடகடப்பு. அறையின் ஏசி அதையும் மிஞ்சியது. நான் வரவேற்பறைக்கு இரண்டு முறை நடந்து சண்டை போட்டேன். அப்பாவோ இரண்டு இரவும் வராந்தாவில் நாற்காலி போட்டு, நியான் பலகை அணையும்வரை அந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இப்போது இல்லை. அந்த மோட்டலும் இப்போது இல்லை. வேறு எவருக்காவது இப்படிப்பட்ட இடங்களின் நினைவு உண்டா?

பிலடெல்பியாவிலிருந்து:

உண்டு. நாங்கள் தங்கியது ஓஷன் அவென்யூவில் இருக்கும் கரீபியன் மோட்டலில். 1957இல் லூ மோரி என்ற கட்டுமானக்காரர் கட்டியது. அந்த ஊரில் ஆளுயரத்தைத் தாண்டிய பிளாஸ்டிக் தென்னை மரங்களை முதலில் நட்டவர்கள் இவர்கள்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள். பிறை வடிவக் குளம், சாய்ந்த கண்ணாடிச் சுவர், தூணில்லாமல் மிதப்பது போல மேல்தளத்துக்கு ஏறும் சாய்வுப் பாதை. என் மகள் அந்தப் பாதையில் ஏறி இறங்கியே ஒரு நாளைக் கழித்தாள்.

அந்தக் காலத்தில் மோரி சகோதரர்கள் புளோரிடாவுக்குப் போய் அங்குள்ள ஹோட்டல்களைப் பார்த்துவந்து, சிறிய அளவில் இங்கே கட்டினார்களாம். விமானம் ஏறி ஹவாய்க்குப் போக முடியாத தொழிலாளிக் குடும்பங்கள் காரில் வந்து டஹிட்டி, வைகிகி, கோனா காய் என்று பெயர்ப்பலகை மின்னும் இடங்களில் ஒரு வாரம் தங்கின. குளிர்காலத்தில் பனி கொட்டும் ஊரில் நிஜ மரம் எங்கே பிழைக்கும்? பிளாஸ்டிக்தான் வழி. இதைப் போலி என்று சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2000க்குப் பிறகு நிலத்தின் விலை ஏறியது. ஒவ்வொன்றாக இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். 2006இல் அமெரிக்காவின் அழிவு அபாயத்திலுள்ள வரலாற்று இடங்களின் பட்டியலில் இந்த மோட்டல்கள் சேர்ந்தன. கரீபியன் அதற்கு முந்தைய ஆண்டே வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் ஏறிவிட்டதால் தப்பியது என்று நினைக்கிறேன். இடித்தவற்றின் நியான் பலகைகள் சிலவற்றை அங்குள்ள டூ-வாப் (இந்த ஐம்பதுகளின் மோட்டல் பாணிக்கு வைத்த பெயர்) அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள். இருட்டிய பிறகு போங்கள்.

ஜெர்சி சிட்டியிலிருந்து:

அதே ஊரில் சிங்கப்பூர் என்ற பெயரில் பகோடாக் கூரை வைத்த மோட்டல் ஒன்று இருந்தது. நான் பிறந்தது சிங்கப்பூரில், தோ பாயோ அடுக்குமாடியில். அந்தப் பலகையின் கீழே நின்று படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "இது எந்த ஊர் சிங்கப்பூர்?" என்று கேட்டார்.

எடிசனிலிருந்து:

நன்றி. அடுத்த கோடையில் கரீபியனுக்கே போகலாம் என்று வீட்டில் முடிவு. அடுப்பு வைத்த அறை கிடைக்குமா என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று நாள் பீட்சா சாப்பிட என்னால் ஆகாது.