ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுக் கேட்ட கதை

நான் பதிவு செய்தது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் நடந்த மாணவர் போராட்டத்தில் இருந்த ஒரு அம்மாவின் நினைவுகளை. 1968 நவம்பர் 6 அன்று கறுப்பின மாணவர் சங்கம் வகுப்புகளைப் புறக்கணித்தது. கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியைச் சேர்ந்த ஆசிரியர் ஜார்ஜ் மர்ரியை இடைநீக்கம் செய்ததுதான் உடனடிக் காரணம். மற்ற சிறுபான்மை மாணவர்களும் சேர்ந்துகொள்ள, போராட்டம் அடுத்த மார்ச் வரை நீண்டது.

அவர் வீட்டுச் சமையலறையில்தான் உட்கார்ந்தோம். ஃபிரிட்ஜ் இரைச்சல் மைக்கில் விழும் என்பதால் அதை அணைத்தேன். திரும்பப் போட மறக்காமலிருக்க கார் சாவியை அதற்குள்ளேயே வைத்தேன். பார்த்துச் சிரித்துவிட்டார்.

தேதி வாரியாகக் கேள்விகள் எழுதிப் போயிருந்தேன். அது தப்பு. முதல் அரைமணி நேரம் செய்தித்தாளில் இருப்பதையே சொன்னார். அப்புறம் ஒரு படத்தை நீட்டினேன்: டிசம்பர் 2 அன்று, கல்லூரியின் தற்காலிகத் தலைவர் ஹயகாவா மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டியில் ஏறி ஒயரைப் பிடுங்கிய சம்பவம். "எல்லாரும் இவர் தொப்பியைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அந்தச் சத்தம் நின்றதுதான் ஞாபகம்" என்றார். பிறகு பேச்சே இல்லை. அடுத்த கேள்வி நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் ஜனவரி 23 வந்தது. ஒரே நாளில் 400 பேருக்கு மேல் கைது. பிடிபட்டவர்களின் வீடுகளுக்குப் போன் செய்வது இவர் வேலையாம். "ஒரு தாய் பதிலே சொல்லவில்லை. வைக்கவும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது." சொல்லும்போது விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார், பதிவில் அது தெளிவாகக் கேட்கிறது. இதெல்லாம் எந்தக் கோப்பில் இருக்கும்?

எழுத்துப்படி எடுத்தபோது மென்பொருள் மௌனங்களை விழுங்கிவிட்டது. ஒவ்வொன்றையும் திரும்பக் கேட்டு, எத்தனை விநாடி என்று எழுதினேன். படித்துப் பார்த்தவர் ஒரு பெயரை மட்டும் எடுக்கச் சொன்னார். கைதானதை அந்தத் தோழி பிள்ளைகளிடம் சொன்னதே இல்லையாம். எடுத்துவிட்டேன். வரலாற்றை வெட்டக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன்.

1969 இலையுதிர் காலத்தில், போராடிய மாணவர்கள் கேட்டபடி, அங்கே இனவியல் கல்விக்கென்று, அதாவது கறுப்பினத்தவர் உள்ளிட்ட சிறுபான்மை மக்களின் வரலாற்றையும் வாழ்வையும் படிப்பதற்கென்று, தனிக் கல்லூரியே தொடங்கியது. அதைப் பற்றி, ரெக்கார்டரை அணைத்த பிறகுதான் சொன்னார்: "அதில் ஒரு வகுப்புகூட நான் உட்காரவில்லை. அதற்குள் வேலைக்குப் போய்விட்டேன்." அவரிடம் கேட்டுக்கொண்டு, அந்த வரியைக் கையால் எழுதிக் கடைசிப் பக்கத்தில் சேர்த்தேன்.