புதுப்பிப்பு: கேமராவை அணைத்தே உட்கார்ந்திருந்த எங்கள் குழு

போன மாதம் புலம்பியிருந்தேனே, எங்கள் குழுவில் 9 பேர், வாராந்திரக் கூட்டத்தில் 'ஆமாம்', 'முடிந்தது' தவிர யாரும் வாய் திறப்பதில்லை என்று. கூட்டத்தில் ஏதாவது விளையாட்டு வைத்துப் பேச வைக்கலாம் என்று உங்களில் சிலர் பதிலில் சொன்ன யோசனையை முயன்றேன். சரியான சொதப்பல், கட்டாயச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, வாடிக்கையாளருக்குத் தவறான கோப்பை அனுப்பிவிட்டதை நானே கூட்டத்தில் போட்டு உடைத்தேன். கொஞ்ச நேரம் ஒரே அமைதி. பிறகு, எப்போதும் பேசாத ஒருவர் மைக்கைத் திறந்து, "நானும் போன வாரம் இதையேதான் செய்தேன், ராத்திரி தூக்கமே வரவில்லை" என்றார்.

உளவியல் பாதுகாப்பு பற்றி ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் எழுதிய ஆய்வு இதைத்தான் பேசுகிறது: தவறைச் சொன்னால் அவமானப்பட வேண்டியிருக்காது என்று நம்பும் குழுவே கற்றுக்கொள்கிறது.

இப்போது 4 பேர் கேமரா போடுகிறார்கள். மேலாளர் மட்டும் இன்னும் கறுப்புக் கட்டம்தான்.