பெரிய வீடு குழு: குழந்தைக்கு என்ன தைப்பது?

மீனா: முரளி அண்ணனுக்குப் பெண் குழந்தை. 31ஆம் வாரத்திலேயே பிறந்துவிட்டது. எடை 1 கிலோ 400 கிராம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது.

விஜி அத்தை: கடவுளே. தேவி?

மீனா: தேறிவிட்டாள். அண்ணனுக்குத்தான் சில மாதங்களாக வேலை இல்லையாம். எனக்கே நேற்றுதான் தெரியும்.

லதா சித்தி: நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

கண்ணன்: குழுவை விட்டு வெளியேறியவர் எப்படிச் சொல்வார் சித்தி?

சுந்தர் மாமா: வெளியேறவில்லை. வெளியேற்றினார்கள்.

பெரியப்பா: வீட்டுப் பங்குப் பேச்சு இப்போது வேண்டாம்.

விஜி அத்தை: நான் மெத்தை தைக்கிறேன். ஒரு சின்னத் தலையணையும்.

மீனா: தலையணை வேண்டாம் அத்தை. ஒரு வயது வரை படுக்கையில் தலையணை, தளர்வான போர்வை எதுவும் கூடாது. மூச்சடைத்துவிடும்.

விஜி அத்தை: உங்களை எல்லாம் தலையணையில்தான் போட்டு வளர்த்தோம்.

கண்ணன்: பார்த்தாலே தெரிகிறது.

லதா சித்தி: நூலில் ஆக்டோபஸ் பொம்மை பின்னிக் கொடுக்கிறார்களே, அது?

பெரியப்பா: அது 2013இல் டென்மார்க்கில் தொடங்கிய வழக்கம். பொம்மையின் கைகளைப் பிடித்திருந்தால் தொப்புள்கொடியைப் பிடித்ததுபோல் குழந்தை அமைதியாக இருக்கும், குழாய்களைப் பிடித்து இழுக்காது என்கிறார்கள். ஆனால் அப்படித்தான் என்று உறுதியாக நிரூபணம் ஆகவில்லை. கைகள் நீளமாக இருந்தால் சுற்றிக்கொள்ளும் ஆபத்து வேறு. அதைவிட, 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் மருத்துவர் எட்கர் ரே தொடங்கிய கங்காரு முறையைக் கவனியுங்கள். குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டிகள் போதாத மருத்துவமனை அது. குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் படும்படி அணைத்து வைக்கச் சொன்னார். குழந்தையின் உடல் சூடு குறையாது, தாய்ப்பால் ஊறும், தொற்றும் குறையும். உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. தந்தையும் செய்யலாம். எனவே நாம் கவனிக்க வேண்டியது

கண்ணன்: இரண்டாம் பாகம் நாளையா பெரியப்பா?

பெரியப்பா: குறுக்கே பேசாதே. முன்பக்கம் முழுதும் திறக்கிற தளர்வான சட்டை தேவை. தேவிக்கும், முரளிக்கும்.

மீனா: தேவியும் அதையேதான் கேட்டாள். குழந்தைக்கும் முன்பக்கம் திறக்கிற சட்டைதான். உடம்பெல்லாம் கம்பியும் குழாயுமாக இருக்கிறது, தலை வழியாக எதையும் போட முடியாது. மென்மையான பருத்தித் துணி, தையல் உறுத்தாமல். செவிலியரிடம் அளவு கேட்டு அனுப்புகிறேன்.

லதா சித்தி: எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள்?

மீனா: பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியை ஒட்டி இருக்கலாம் என்கிறார்கள். உறுதி இல்லை.

விஜி அத்தை: சட்டை தைத்துவிடலாம். அம்மாவின் தையல் மெஷின் எங்கே?

விஜி அத்தை: லதா?

லதா சித்தி: நீங்கள்தான் எடுத்துக்கொண்டு போகச் சொன்னீர்கள் அண்ணி.

விஜி அத்தை: கல்யாண அவசரத்துக்குக் கொடுத்தேன். அந்தக் கல்யாணத்துப் பெண்ணுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள்.

லதா சித்தி: பெல்ட் அறுந்து கிடக்கிறது.

சுந்தர் மாமா: எப்போதிலிருந்து?

லதா சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கண்ணன்: நான் படித்துவிட்டேன்.

மீனா: சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மூத்த பையனைப் பள்ளியிலிருந்து அழைத்து வர ஆள் இல்லை. வீட்டில் துணி மலையாகக் குவிந்திருக்கிறது. சட்டையைவிட அதுதான் அவசரம்.

கண்ணன்: திங்கள், செவ்வாய் நான் அழைத்து வருகிறேன்.

லதா சித்தி: துணிகளை இங்கே அனுப்பு. துவைத்துத் தருகிறேன். துணி துவைக்கும் மெஷின் என்னுடையதுதான், யாரும் கணக்குக் கேட்க முடியாது.

விஜி அத்தை: நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

மீனா: பணம்?

பெரியப்பா: நான் கொடுத்தால் வாங்க மாட்டான்.

மீனா: நீங்கள் நேரில் போனாலே போதும் பெரியப்பா.

பெரியப்பா: யோசிக்கிறேன்.

சுந்தர் மாமா: நானும் போய்ப் பார்க்கிறேன். இரண்டு நாளாக இருமல்தான்.

மீனா: இருமல் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது மாமா. நீங்கள் பணத்தை மட்டும் அனுப்புங்கள்.

விஜி அத்தை: இவருக்கு இருமல் இங்கே இருக்கும்வரைதான். வாங்கிய பஞ்சை என்ன செய்வது?

கண்ணன்: அதற்குள் வாங்கிவிட்டீர்களா அத்தை?

விஜி அத்தை: மெஷின் பெல்ட் என்ன அளவு?

லதா சித்தி: தெரியவில்லை. படம் அனுப்புகிறேன். வெளிச்சம் வரட்டும்.

சுந்தர் மாமா: புதன், வியாழன் பையனை யார் அழைத்து வருவது என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே.