அட்டைப்படம் எது?

குழு: எங்கள் வளவு

சின்னக்கா: எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் நினைவு மலர் நாளை மாலை ஐந்து மணிக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். அப்போதுதான் ஞாயிறு அந்தியேட்டிக்குக் கையில் கிடைக்கும். தேவாரம், திருவாசகம், வாழ்க்கைக் குறிப்பு எல்லாம் ஆயத்தம். அட்டைப்படம் மட்டும் முடிவாகவில்லை.

டூட்டிங் சித்தி: குட்டியின் சாமத்திய வீட்டில் எடுத்த படம். பட்டு வேட்டியோடு.

பெரியண்ணா: அதுதான் சரி.

டூட்டிங் சித்தி: பக்கத்தில் நான் நிற்கிறேன். என்னை வெட்டிவிட்டுப் போடுங்கள்.

நான்: அக்கா, இதையும் பாருங்கள். (படம்) 2017 பெப்ரவரி 20, லண்டனில் அவருடைய கால்பந்துக் கழகமான சட்டன் யுனைட்டெட்டின் திடல். கழுத்தில் அந்த மஞ்சள், சாக்லேட் நிறச் சால்வை. பெரியப்பா இப்படிச் சிரிக்கிற படம் வேறு இல்லை.

கனடா மாமா: எந்தத் திகதி?

கனடா மாமா: நான் ஹீத்ரோவில் இரண்டு மணி நேரம் பெட்டியோடு நின்ற நாள்.

டூட்டிங் சித்தி: அண்ணா, இப்போது வேண்டாம். அக்காவும் குழுவில் இருக்கிறார்.

கனடா மாமா: திகதியைத்தான் சொன்னேன்.

குட்டி: ஆர்சனல் வந்த மேட்ச்தானே? ஓரத்தில் இருந்து சட்டனின் மாற்றுக் கோல் காப்பாளர் 'pie' பலகாரம் சாப்பிட்டாரே!

நான்: குட்டி, எல்லோரும் அதை மட்டும் நினைவில் வைத்திருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. அன்று எஃப்.ஏ. கிண்ணத்தின் ஐந்தாம் சுற்று; சின்ன அணியும் பெரிய அணியும் மோதும் இங்கிலாந்துக் கால்பந்துக் கிண்ணம் அது. சட்டன் ஐந்தாம் நிலைப் பிரிவில் விளையாடிய அணி, ஆர்சனலுக்கு 105 இடம் கீழே. பெரும்பாலும் பகுதிநேர வீரர்கள். முகாமையாளர் பால் டாஸ்வெல் சம்பளமே வாங்காதவர். அதற்கு முந்தைய சுற்றில் லீட்ஸ் வந்தது, ஜனவரி 29. ஜேமி கொலின்ஸ் பெனால்டி அடித்தார், 1-0. முடிந்ததும் சனம் எல்லாம் திடலுக்குள் ஓடியது. பெரியப்பாவுக்கு முழங்கால் நோ. என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றே பார்த்தார். "நீ ஓடு, நீ ஓடு" என்றார். நான் போகவில்லை. பிறகு ஆர்சனல் என்று குலுக்கலில் வந்த இரவு எனக்கு நான்கு தடவை தொலைபேசி எடுத்தார்.

சின்னக்கா: தம்பி, நான் கேட்டது படம்.

டூட்டிங் சித்தி: மண்டபத்தில் வாகனம் விட இடம் உண்டா?

பெரியண்ணா: 40 வாகனம்.

டூட்டிங் சித்தி: போதாது.

கனடா மாமா: மேட்ச் முக்கியம்தான். மச்சான் விமானம் ஏறி வருவது முக்கியம் இல்லையா?

நான்: மாமா, இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1989 ஜனவரி 7, சனிக்கிழமை. அதே திடலுக்குக் கவென்ட்ரி வந்தது. அது முதல் பிரிவு அணி, 1987இல் கிண்ணத்தையே வென்ற அணி. பெரியப்பா டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். அப்போது அவருக்குப் பெட்ரோல் நிலையத்தில் வேலை. மத்தியானம் மாற்றிவிட வேண்டியவர் வரவில்லை, முதலாளியும் விடவில்லை. ஊரில் கடன் இருந்த காலம், வேலையை எறிந்துவிட்டுப் போக முடியுமா? டோனி ரெய்ன்ஸ் ஒரு கோல், மத்யூ ஹன்லன் ஒரு கோல், 2-1 என்று சட்டன் வென்றது. பெட்ரோல் அடிக்க வந்த சனம் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிச் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு 28 வருடம், மழையோ குளிரோ, இருநூறு பேர் வந்த மேட்சுக்குக்கூட அவர் போகாமல் விட்டதில்லை. ஆர்சனல் வந்தபோது எப்படி விடுவார்?

சின்னக்கா: எனக்கே இது தெரியாது.

பெரியண்ணா: எனக்கும்.

கனடா மாமா: முதல் நாள் தொலைபேசியில் "வாகனம் அனுப்புகிறேன்" என்றார் அத்தான். வரவில்லை. அதைத்தான் நான் சொல்கிறேன்.

டூட்டிங் சித்தி: ஐயருக்கு யார் சொன்னது? பத்து மணியா, பத்தரையா?

சின்னக்கா: பத்து.

பெரியண்ணா: மாமா, அன்று என்னைத்தான் போகச் சொன்னார். எனக்கு வேலை முடியப் பிந்திவிட்டது. தொலைபேசியிலும் சார்ஜ் இல்லை.

கனடா மாமா: நீயா?

பெரியண்ணா: ஓம்.

கனடா மாமா: அத்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நான் ஏசியதை எல்லாம் கேட்டுக்கொண்டு தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

பெரியண்ணா: நான் சொல்லியிருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

டூட்டிங் சித்தி: சரி. சாப்பாட்டுக்கு 150 பேர் என்று சொல்லவா?

குட்டி: மேட்ச் என்ன முடிவு?

நான்: 0-2. லூகாஸ் பெரெஸ் ஒன்று, வால்கொட் ஒன்று. வால்கொட்டுக்கு அது ஆர்சனலுக்காக 100ஆவது கோல். பிற்பாதியில் எங்கள் ரோரி டீக்கன் தூரத்திலிருந்து ஒன்று அடித்தார் பார், பந்து மேல் கம்பத்தில் பட்டது. அவர் ஆர்சனலில் வளர்ந்த பிள்ளை. 5,013 பேரும் ஒரேயடியாக மூச்சை இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பெரியப்பா இரண்டு கையையும் தலையில் வைத்தவர், அவ்வளவு நேரம் எடுக்கவே இல்லை. படம் இறுதி விசிலுக்குப் பிறகு எடுத்தது.

குட்டி: தோற்ற பிறகா இந்தச் சிரிப்பு?

நான்: ஓம். "நானும் நின்றேன்" என்று மட்டும் சொன்னார். வெஸ்ட் சட்டன் ரயில் நிலையம் வரை வேறு கதை இல்லை.

பெரியம்மா: (குரல் பதிவு)

டூட்டிங் சித்தி: எனக்குத் திறக்கவில்லை. என்ன சொல்கிறார்?

சின்னக்கா: அம்மா சொல்கிறார்: சால்வை அலுமாரியில்தான் இருக்கிறது, தோய்க்கவில்லை. 1989 டிக்கெட் அப்பாவின் பழைய பாஸ்போர்ட் உறைக்குள், கிழிக்காமல். படம் எதையென்றாலும் போடுங்கள், சண்டை மட்டும் வேண்டாம்.

கனடா மாமா: சால்வைப் படத்தைப் போடுங்கள்.

டூட்டிங் சித்தி: அந்தியேட்டி மலரில் பந்து விளையாட்டா? வருகிற சனம் என்ன சொல்லும்?

கனடா மாமா: சொல்லட்டும்.

பெரியண்ணா: முன்னுக்கு வேட்டி, பின்னட்டையில் சால்வை?

சின்னக்கா: பின்னட்டையில் நன்றி நவிலல் இருக்கிறது. அச்சகத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.

நான்: அக்கா, வாழ்க்கைக் குறிப்பில் சட்டன் யுனைட்டெட் என்று ஒரு வரி எழுதினீர்களா?

சின்னக்கா: இல்லை. நீ எழுதித் தா. ஒரு வரிதான்.

நான்: இரவைக்குள் அனுப்புகிறேன்.

கனடா மாமா: அந்த டிக்கெட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பிள்ளை.

டூட்டிங் சித்தி: 150ஆ 180ஆ? ஒருவரும் பதில் சொல்லவில்லை.