தம்பி ஜாக்கி ஆவேன்னு நிக்கிறான், குதிரைதானே ஓடுது இதுல ஜாக்கிக்கு என்ன வேலை?

வீட்டுக்குமூத்தவ:
எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு 17 வயசு, உயரம் 168 செ.மீ., எடை 55 கிலோ. ரெண்டு வருஷமா ரைடிங் கத்துக்கிறான், இப்ப ரேஸ் ஜாக்கியாத்தான் ஆவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். எனக்கு இதப்பத்தி ஒண்ணுமே தெரியாது, ஓடுறது குதிரை, மேல உக்காந்து போறதுல அப்படி என்ன திறமை இருக்கு? உள்ள இருந்து பார்த்தவங்க யாராவது சொல்லுங்களேன்.

விடிகாலைக்குதிரை:
அக்கா, மொத விஷயம், அவங்க உக்காரவே இல்ல. நான் ஜாக்கி இல்ல, எட்டு வருஷம் காலைல ட்ராக் வொர்க் ரைடரா, அதாவது ரேஸ் குதிரைகளுக்கு பயிற்சி ஓட்டம் ஓட்டுறவனா இருந்தவன். அங்கவடிய (கால் வைக்கிற வளையம்) ரொம்ப குட்டையாக்கி முன்பாதத்த அதுல வச்சு, முட்டிய மடக்கி, இடுப்பு சேணத்துல படாம அந்தரத்துல நிக்கணும், கீழ கிட்டத்தட்ட 500 கிலோ மிருகம் 60 கி.மீ. வேகத்துல போகுது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் குதிரை முன்னயும் பின்னயும் மேலயும் கீழயும் ஆடும், அந்த ஆட்டத்த நம்ம கால் வாங்கிக்கணும், அப்பதான் நம்ம உடம்ப ஒவ்வொரு தடவையும் தூக்கி எறியிற வேலை குதிரைக்கு மிச்சமாகும். முன்னாடி எல்லாரும் நிமிர்ந்து உக்காந்துதான் ஓட்டுனாங்க, 1890-1900 வாக்குல இப்படி குனிஞ்சு ஓட்ட ஆரம்பிச்சதும் ரேஸ் நேரமே 5-7 சதவீதம் குறைஞ்சதுன்னு 2009ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு.

ஆனா என்னைக் கேட்டா அதவிட பெரிய விஷயம் மண்டைக்குள்ள ஓடுற கடிகாரம்தான். ட்ரெய்னர் 200 மீட்டர 14 செகண்ட்ல வான்னு சொல்லுவார், கைல வாட்ச் இருக்காது, ஸ்டாப்வாட்ச் அவர்கிட்ட. புதுசுல நான் 14ன்னு நெனச்சு 12ல வந்துட்டேன், குதிரை அன்னிக்கு தீவனமே தொடல, அத நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு. பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் குதிரை விடும், ஆரம்பத்துலயே மூச்ச செலவழிச்சுட்டா கடைசி 400 மீட்டர்ல கேக்குறதுக்கு ஒண்ணும் இருக்காது. முன்னாடி போற குதிரைக்குப் பின்னால காத்துல இருந்து மறைச்சு வச்சு, கேப் கிடைக்குதான்னு பார்த்துட்டே இருக்கணும், அந்த கேப் ஒரு செகண்ட் கூட இருக்காது.

பழையரசிகன்:
மேல சொன்னது அத்தனையும் உண்மை. பில் ஷூமேக்கர் எவ்வளவு பெரிய ஜாக்கி, அமெரிக்காவோட பெரிய ரேஸான கென்டக்கி டெர்பில 1957ல கேலன்ட் மேன்ங்கிற குதிரை மேல வந்துட்டு, எல்லைக் கோடு தாண்டிட்டோம்னு தப்பா நெனச்சு ஒரு நொடி எழுந்து நின்னார், மூக்கு வித்தியாசத்துல ரேஸ் போச்சு.

அப்புறம் எடைம்மா. ரேஸுக்கு முன்னாடியும் முடிஞ்ச அப்புறமும் சேணத்தோட சேர்த்து தராசுல நிக்கணும், குறைஞ்சா ஈயத்தகடு வச்சு சரிகட்டலாம், கூடுனா வழியே இல்ல. கென்டக்கி டெர்பில ஆண் குதிரை சுமக்கிறது 126 பவுண்டு, அதாவது சேணமும் சேர்த்து 57 கிலோ, அதுவே பெரிய எடைதான், சாதாரண ரேஸ்ல இன்னும் கம்மியா கேப்பாங்க. இங்கிலாந்து ஜாக்கி லெஸ்டர் பிகாட் 173 செ.மீ. இருந்துகிட்டு 9 தடவை அங்க பெரிய ரேஸான எப்சம் டெர்பி ஜெயிச்சார்தான், ஆனா வாழ்நாள் பூரா வயித்தக் கட்டிக்கிட்டு. அவர முன்மாதிரியா வச்சு பசங்க பட்டினி கிடக்கக் கூடாது. ஜாக்கிகளுக்கு எலும்பு அடர்த்தி கம்மியா இருக்குன்னு பல ஆய்வு சொல்லுது, விழுறது சகஜமான வேலைல எலும்பும் பலவீனமா இருந்தா யோசிச்சுப் பாருங்க. ரேஸ் நடக்கிறப்ப பின்னாடியே ஆம்புலன்ஸ் வர்றது சும்மா இல்ல.

வீட்டுக்குமூத்தவ:
ரெண்டு பேருக்கும் நன்றிண்ணா. படிக்கப் படிக்க பகீர்னு ஆயிடுச்சு. நாலு மாசம் முன்னாடி இவன் 59 கிலோ. ராத்திரி பசிக்கலைன்னு சொல்லுவான், வெயில்ல ஸ்வெட்டர் போட்டுட்டு ஓடுவான், ஃபிட்னஸ்னு விட்டுட்டேன்.

விடிகாலைக்குதிரை:
அக்கா அத மொதல்ல நிறுத்துங்க, இன்னிக்கே. வேர்வைய வடிச்சு குறைக்கிறது தண்ணிதான், கொழுப்பு இல்ல, அதோட குதிரை ஏறுனா கை தளரும், முடிவெடுக்குற வேகம் போயிடும், அவனுக்கு மட்டுமில்ல பக்கத்துல வர்றவனுக்கும் ஆபத்து. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் இன்னும் எவ்வளவு வளருவான்னு பாருங்க. 175 செ.மீ. தாண்டுனா தடை இல்லாத ஃப்ளாட் ரேஸ் ரொம்ப கஷ்டம், தடை தாண்டுற ரேஸ்ல எடை வரம்பு கூட, அங்க உயரமானவங்க நிறைய பேர் இருக்காங்க. ட்ராக் வொர்க் ரைடருக்கு இவ்வளவு கெடுபிடி இல்ல, நான் 62 கிலோல ஓட்டுனேன். அவன திட்டாதீங்க, குதிரை மேல ஆசை வந்தா லேசுல போகாது. அவன்கிட்ட என்ன பேசலாம்னு சொல்றேன், தனி மெசேஜ் அனுப்புங்க.