செய்தி அட்டைகளை அனுப்பும் முன் எப்படிச் சரிபார்ப்பது?

நெல்லைவாசி:
எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவை நிர்வகிக்கிறேன். மழைக்காலம் தொடங்கினால், நாளிதழ் முத்திரையுடன் செய்தி அட்டைகள் வந்து குவிகின்றன. அவற்றில் எது உண்மை என்று அறிய வழி என்ன? உண்மையானதைப் பகிரும்போது இதழின் பெயரை மட்டும் குறிப்பிட்டால் போதுமா?

பிழைதிருத்துநர்:
முத்திரையை நம்பாதீர்கள் ஐயா. அதை வெட்டி ஒட்ட ஐந்து நிமிடம் போதும். அட்டையில் உள்ள தலைப்பை, அதே தேதியில், அந்த இதழின் இணையதளத்திலேயே தேடிப் பாருங்கள். மழை என்றால் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையும், பள்ளி விடுமுறை என்றால் மாவட்ட ஆட்சியரின் அறிவிப்புமே மூலம். 2015 வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகப் பரவிய வதந்தியை அந்தப் பண்ணையே மறுக்க வேண்டியிருந்தது.

காவிரிக்கரை:
காணொளிகளில் கூடுதல் கவனம் வேண்டும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவியவற்றுள் தொடர்பே இல்லாத பழைய காணொளிகள் இருந்ததைக் காவல்துறை விளக்க வேண்டியதாயிற்று. ஒரு காட்சியைத் திரைப்பிடிப்பு எடுத்து கூகுள் லென்ஸில் தேடினால், அது முன்பு எங்கே வெளியானது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பிழைதிருத்துநர்:
இரண்டாவது கேள்விக்கு: பெயர் மட்டும் போதாது, தேதியும் இணைப்பும் வேண்டும். செய்தியிலுள்ள தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை, அதை எழுதிய விதத்துக்கு உண்டு. ஆகவே முழுக் கட்டுரையையும் ஒட்டிவிட்டுக் கீழே ‘நன்றி’ என்று போடுவது (நம்மவர்களுக்கு அந்த ஒரு சொல்லின் மீது அபார நம்பிக்கை) அனுமதி பெற்றதாகாது. இரண்டு வரிச் சுருக்கமும் இணைப்பும் கொடுங்கள்.

நெல்லைவாசி:
நேற்று வந்த விடுமுறை அட்டையைத் தேடினேன். செய்தி உண்மைதான், ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது.